கையும் கவனமும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குக் காரில் போகிற ஒருவர், வாளையாற்றை நெருங்கும்வரை ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் செல்போனையும் பிடித்துப் பேசிக்கொண்டே போவாராயின், தமிழ்நாட்டு அரசு 2022 அக்டோபரில் திருத்தி வெளியிட்ட அபராதப் பட்டியலின்படி அந்தக் குற்றத்துக்கு முதல் தடவை விலை 1,000 ரூபாய். பேச்சு முடியாமலே அவர் எல்லையைத் தாண்டிவிட்டால் அதே குற்றத்தின் விலை கேரளத்தில் 2,000 ரூபாய் ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் சட்டம் இருபுறமும் ஒன்றுதான். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. அதில், கையில் பிடிக்கும் தொடர்பு சாதனத்தை உபயோகித்தபடி ஓட்டுவதையும் பெயர் சொல்லிச் சேர்த்த திருத்தம் 2019 செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பாராளுமன்றம் விதித்துவிட்டு, நியாயஸ்தலம் வரை போகாமல் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள விரும்புகிறவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை மட்டும் மாநிலங்களின் இஷ்டத்துக்கு விட்டது. குஜராத் அரசு அந்தச் சுதந்திரத்தை அதே செப்டம்பர் மாதத்திலேயே பிரயோகித்து, முதல் தடவைக்கு 500 ரூபாய் போதும் என்று தாராளம் காட்டியது.

எல்லையைத் தாண்டும்போது மாறுவது தொகை மட்டுமன்று. நம்மைப் பார்க்கிற கண்ணும் மாறுகிறது என்பதுதான் எனக்கு அதிக சுவாரஸ்யமாகப் படுகிறது. இந்தப் பக்கம், சிக்னல் ஓரத்தில் வெயிலில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரரின் கண். கையில் இ-சலான் இயந்திரம் இருந்தாலும், முதலில் அவர் பார்த்தாக வேண்டும். அந்தப் பக்கமோ, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய கேமராக்களின் கண். கேரளம் முழுவதும் நிறுவப்பட்ட 726 கேமராக்களில் 675, ஹெல்மெட் இல்லாமை, சீட் பெல்ட் இல்லாமை, செல்போன் பேச்சு ஆகியவற்றைத் தாமாகவே பிரித்தறியும் செயற்கை நுண்ணறிவு கொண்டவை. அவற்றை வாங்கிய ஒப்பந்தத்தைப் பற்றி எழுந்த அரசியல் சண்டையும், பணம் பட்டுவாடா செய்யக் கூடாதென்று உயர்நீதிமன்றம் இட்ட தடையும் தனிக் கதை. அதற்குள் நான் போகவில்லை.

நான் வக்கீலும் அல்ல, போலீஸ் உத்தியோகஸ்தனும் அல்ல. நெடுங்காலமாக வண்டி ஓட்டுகிறவன், அவ்வளவே. ஆயினும் உலகத்தின் பல பிரதேசங்கள் இந்த ஒரு குற்றத்தோடு எப்படி மல்லுக்கட்டுகின்றன என்பதைப் படிக்கப் படிக்க, ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது: குற்றம் நிகழும் இடம் ஓட்டுகிறவனுடைய சித்தம், சட்டம் பிடிக்கிற இடமோ அவனுடைய கை. சித்தத்தைப் பார்க்கும் கருவி இன்னும் எவரிடமும் இல்லாமையால் எல்லா ராஜ்ஜியங்களும் கையைப் பார்க்கின்றன. அந்தக் கையை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, அதில் இருப்பது இன்னதென்று எப்படி நிரூபிப்பது என்பவற்றில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன.

சித்தம் என்று நான் சொல்வது வேதாந்தம் அல்ல. 1997ஆம் வருஷம், டொரண்டோ நகரத்து மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் புள்ளியியல் அறிஞர் ராபர்ட் டிப்ஷிரானியும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். செல்போன் வைத்திருந்து, ஆளுக்குக் காயமில்லாமல் வண்டிக்குச் சேதம் உண்டான மோதலில் சிக்கிய 699 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய டெலிபோன் பில்களை வரவழைத்து, மோதல் நிகழ்ந்த நேரத்தை ஒட்டி ஒவ்வொருவரும் பேசிக்கொண்டிருந்தாரா என்பதையும், முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மனிதரை அவருடைய நேற்றோடு ஒப்பிடுவதால், அவர் சுபாவத்திலேயே அவசரக்காரர், இவர் நிதானஸ்தர் என்ற ஆட்சேபத்துக்கெல்லாம் இடமில்லாமற் போயிற்று. பேசும்போது மோதும் அபாயம் பேசாதபோது இருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். அதைவிட முக்கியமாக, கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் யாதொரு அனுகூலமும் இருப்பதாக அவர்களுக்குத் தென்படவில்லை. எட்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியும் அதே நான்கு மடங்கைத்தான் சொன்னது.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் ஆபத்துத்தானே என்று உடனே கேட்பார்கள். நம் ஊர்ப் பஸ்களில் ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதிவைத்தவர்கள் செல்போனைக் கனவிலும் கண்டிராதவர்கள்; பேச்சே கவனத்தை இழுக்கும் என்ற ஞானம் அவர்களுக்கு அப்போதே இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பக்கத்து ஆசனக்காரர் சாலையைப் பார்க்கிறார், எதிரே லாரி வந்தாலோ, மாடு குறுக்கே ஓடினாலோ, பாதி வாக்கியத்தில் தாமாகவே நிறுத்திக்கொள்கிறார், சில சமயம் "ஐயோ, பாருங்க!" என்று கத்தவும் கத்துகிறார். யூட்டா சர்வகலாசாலையில் டேவிட் ஸ்ட்ரேயர் முதலான மனோதத்துவ அறிஞர்கள் பரிசோதித்துக் கண்டதும் இதுதான். செல்போனின் மறுமுனையில் இருப்பவருக்கோ லாரியும் தெரியாது, மாடும் தெரியாது. கல்யாணத்துக்கு எத்தனை இலை என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் கையில் பிடிக்காத பேச்சை அரசாங்கங்கள் ஏன் விட்டுவைத்திருக்கின்றன? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், எல்லா மாநிலங்களும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ பேச்சையும் சேர்த்தே தடை செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. எல்லா ஓட்டுநர்களுக்கும் பொருந்தும்படி ஒரு மாநிலமும் அதைச் செய்யவில்லை. 2019இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் கமிட்டியும் அதே யோசனையைச் சொல்லிப் பார்த்தது, அரசாங்கம் இணங்கவில்லை. ஜனங்களின் கோபத்துக்குப் பயந்தது ஒரு காரணமாயிருக்கலாம். என் அபிப்பிராயத்தில் அதனினும் பெரிய காரணம் சாட்சியம். உதடு அசைவதைப் பார்த்து, இவர் ப்ளூடூத்தில் பேசுகிறாரா, பாடுகிறாரா, அல்லது முன்னே போகிற ஆட்டோவைத் திட்டுகிறாரா என்று எந்தப் போலீஸ்காரரால் சத்தியம் செய்ய முடியும்? கையில் இருக்கும் கறுப்புச் சதுரம் ஒன்றுதான் பிரத்தியட்சம்.

பிரத்தியட்சமான அந்தக் கையைப் பிடிப்பதிலும் எத்தனை சங்கடம் உண்டு என்பதற்குப் பிரிட்டனின் கதையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லலாம். அங்கே தடை வந்தது 2003 டிசம்பர் முதல் தேதி. ஆரம்பத்தில் அபராதம் 30 பவுன். 2007இல் 60 பவுனும் லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளிகளும். 2013இல் 100 பவுன். 2017 மார்ச்சில் 200 பவுனும் ஆறு புள்ளிகளும். லைசென்ஸ் பெற்று இரண்டு வருஷம் நிறையாதவருக்கு ஆறு புள்ளி விழுந்தால் லைசென்ஸே போய்விடும். படிப்படியாக இப்படி ஏறிக்கொண்டே போன தண்டனையின் அஸ்திவாரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 2003இல் விதியை எழுதியவர்கள், செல்போன் என்றால் பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் ஆன கருவி என்று எண்ணி, ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் காரியத்துக்கு உபயோகிப்பதையே குற்றமாக வரையறுத்திருந்தார்கள். லண்டனில் ஒருவர், சாலையில் நடந்திருந்த ஒரு விபத்தைத் தம் வண்டியை ஓட்டிக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார். கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டு, மேல் முறையீட்டில் விடுவிக்கப்பட்டு, அரசுத் தரப்பு விடாமல் மேலே கொண்டுபோக, 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று: படம் பிடிப்பது தொடர்புகொள்வது ஆகாது; ஆகவே இந்த விதியின் கீழ்க் குற்றம் ஆகாது. கவனக்குறைவாகவோ அபாயகரமாகவோ ஓட்டியதற்காக வேறு பிரிவுகளின் கீழ் வழக்குப் போடலாம் என்று நீதிபதிகள் எச்சரிக்கவும் தவறவில்லை. ஓட்டையை அடைத்துப் புது விதி அமலுக்கு வந்தது 2022 மார்ச் 25ஆம் தேதி. இப்போது அங்கே கையில் பிடித்துப் பாட்டு மாற்றினாலும், படம் எடுத்தாலும், விளையாடினாலும் குற்றம்தான். நின்றிருக்கும் வண்டியில் இருந்தபடி கடை ஜன்னலில் செல்போனைக் காட்டிப் பணம் செலுத்தலாம் என்று ஒரு சலுகையும் வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் இந்த விவகாரத்தை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். பேச்சுக்கும் செய்திக்கும் மட்டும் இருந்த தடையை 2015 பிப்ரவரியிலேயே விரித்து, ஓடும் வண்டியில் எந்தக் காரியத்துக்காகவும் செல்போனையோ டேப்லெட்டையோ கையில் வைத்து இயக்குவது குற்றம் என்று ஆக்கினார்கள். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே ஒருவர் வண்டியைச் சாலையின் ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்து, எச்சரிக்கை விளக்கையும் போட்டுக்கொண்டு பேசினார். 2018 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், சாலையின் மேல் நிற்கும் வண்டி ஓடும் வண்டியே என்று தீர்ப்பளித்துவிட்டது. பழைய காலத்துத் தர்க்க சாஸ்திரிகள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

நம் பக்கத்திலும் வரையறைச் சண்டை நடக்காமல் இல்லை. 2019 திருத்தத்துக்கு முந்தைய வருஷம், கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(இ) பிரிவின் கீழ் வழக்குப் போடப்பட்ட ஒருவரது மனுவின் பேரில், பொதுஜனத்துக்கு அபாயம் விளைத்ததாகக் காட்டாத வரையில் ஓட்டும்போது பேசியது மட்டும் அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் எழுத்தில் இல்லாததைப் போலீஸ்காரர் தம் மனத்திலிருந்து எடுத்துச் சேர்க்க முடியாது என்ற அளவில் அந்தத் தீர்ப்பு நியாயமானதே.

எழுத்தைச் சரியாக எழுதிய பின்பும் கண்ணின் பிரச்சினை நிற்கிறது. பிரிட்டனில் சில சமயம் அந்தக் கண் வழிப்போக்கருடையதாக இருக்கிறது. கால்பந்து நட்சத்திரம் டேவிட் பெக்காம் லண்டனில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த போக்குவரத்தின் நடுவே, முழங்காலருகே செல்போனை வைத்து இயக்கியதைப் பொதுஜனத்தில் ஒருவர் படம் எடுத்துவிட்டார். ஏற்கெனவே ஆறு புள்ளிகள் இருந்த லைசென்ஸில் இன்னும் ஆறு விழவே, 2019 மே மாதத்தில் ஆறு மாதத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவிட்டு, 750 பவுன் அபராதமும் போட்டது. இத்தனை பிரசித்தமானவரே தப்பவில்லை என்பதில் ஒரு திருப்தி இருந்தாலும், ஒவ்வொரு பிரஜையும் அடுத்தவனை வேவு பார்ப்பதில் எனக்குச் சம்மதம் குறைவு. படம் எடுத்தவர் தாமும் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற குறும்பான கேள்வியும் எழாமல் இல்லை.

கண்ணை முழுவதும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்ட முதல் பிரதேசம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். அதன் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2013இல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரைச் செல்போனில் கவனம் போனதாகக் கருதப்பட்ட ஓட்டுநர் ஒருவர் மோதிக் கொன்றுவிட, இறந்தவரின் நண்பரான அலெக்சாண்டர் ஜானிங்க் என்ற பொறியாளர், இதைப் பிடிக்கும் கேமராவைச் செய்தே தீருவது என்று முனைந்து அக்யூசென்சஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சாலைக்கு மேலே பொருத்திய கேமரா, முன்கண்ணாடி வழியாக ஓட்டுகிறவரின் மடியையும் கையையும் பகலென்றும் இரவென்றும் பாராமல் படம் எடுக்கிறது, சந்தேகத்துக்கு இடமான படங்களைக் கணினி பொறுக்கி வைக்க, அவற்றை மட்டும் மனிதர்கள் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள், மற்றவை அழிக்கப்படுகின்றன. 2019இல் நடந்த வெள்ளோட்டத்தில் 85 லட்சம் வாகனங்களைப் பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அது கண்டுபிடித்தது. அத்தனை பேரையும் சாலையோரத்தில் நிறுத்திப் பிடிக்க எத்தனை போலீஸ்காரர்கள் வேண்டியிருந்திருக்கும்! அவ்வருஷம் டிசம்பர் முதல் தேதி அமலாக்கம் தொடங்கிற்று. முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், பிறகு 344 டாலரும் ஐந்து புள்ளிகளும், பள்ளிக்கூடப் பகுதியானால் 457 டாலர். பக்கத்து மாநிலமான குவீன்ஸ்லாந்து 2021இல் அபராதத்தை ஆயிரம் டாலருக்கு மேலேயே உயர்த்தியதோடு அதே வருஷ நவம்பரில் கேமராவையும் கொண்டுவந்தது.

மூன்று மாதம் முன்னறிவிப்பு என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இந்த இடத்தில் கேமரா இருக்கிறது, நீர் செய்தது தெரிந்துவிட்டது, இம்முறை பணம் வேண்டாம் என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால், அதைப் பெறுகிறவருக்கு அபராதத்தின் பாரம் இல்லாமலே அகப்படுவோம் என்ற நிச்சயம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. நம் நாட்டிலோ தண்டனையின் கடுமைக்குக் குறைவில்லை. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி, ஓட்டும்போது செல்போன் பேசுகிறவரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிற்று. தமிழ்நாட்டுப் பட்டியலில் மறுமுறை அகப்பட்டால் 10,000 ரூபாய். ஆனால் மறுமுறை என்று ஒன்று நேர்வதற்கு முதல்முறை அகப்பட வேண்டுமே! மத்திய அரசின் விபத்துப் புள்ளிவிவரத்திலும் இதே கண்ணின் குறைபாடுதான்: செல்போனால் நேர்ந்த மரணங்கள் 2021இல் 1,040 என்றும் 2022இல் 3,395 என்றும் அச்சாகியிருக்கின்றன. ஒரே வருஷத்தில் ஜனங்களின் வழக்கம் மும்மடங்கு கெட்டுவிட்டது என்று நான் நம்பவில்லை. எழுதுகிறவர்களின் கவனம் மாறியது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கேமராவும் சகல ரோக நிவாரணி அல்ல. முன்கண்ணாடி வழியாகக் காருக்குள் பார்ப்பதற்கென்று பிறந்த சாதனம், இரண்டு சக்கர வண்டிகளே பெரும்பான்மையான நம் சாலைகளில் திகைத்துப் போகும். நம்மவர் செல்போனைக் கையில் பிடிப்பதே இல்லை. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிவிடுகிறார். ஹெல்மெட் போடாதவர், தலையைத் தோள்மேல் சாய்த்து, செல்போனை இடையில் இடுக்கிக்கொண்டு, கோணிய கழுத்தோடு மவுண்ட் ரோடு முழுவதையும் கடந்துவிடுகிறார். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் சாத்வீகமாக இருக்கின்றன. கையில் பிடிக்கும் சாதனம் என்று சட்டம் சொல்வது சாதனத்தின் ஜாதியையா, அது அப்போது இருக்கும் இடத்தையா என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் கேட்டால் அரை நாள் வாதம் நடக்கும். சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. சாய்ந்த தலையை ஒரு பர்லாங்கு தூரத்திலேயே கண்டுகொள்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மனிதக் கண் இயந்திரத்தை ஜெயித்துவிடுகிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது, செல்போனைப் பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களின் நிலை. 2020 அக்டோபர் முதல் தேதி அமலான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் செல்போனை உபயோகிக்கலாம் என்று அனுமதித்தது. வாடகைக் கார்க்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது அவசியமான அனுமதியே. ஆனால் உணவு கொண்டுபோகிற இளைஞனுடைய ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் திரையில் வழி மட்டுமா வருகிறது? அடுத்த ஆர்டர் வருகிறது. ஏற்றுக்கொள்ள இத்தனை விநாடி என்று எண்ணிக்கை இறங்குகிறது. வாடிக்கையாளர் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்கிறார். எடுத்துப் பேசினால் சட்டம் தண்டிக்கும், எடுக்காவிட்டால் நட்சத்திரம் குறையும். இந்த இளைஞனை நிறுத்தி ஆயிரம் ரூபாய் வாங்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், வாங்க வேண்டிய இடம் இன்னொன்றும் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சட்டத்தில் அந்த இடத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. பிரிட்டிஷ் விதியைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடும் ஒரு வாசகம், ஓட்டுகிறவரை மட்டுமன்றி, கையில் செல்போனோடு ஓட்டும்படி இன்னொருவரைச் செய்விப்பவரையும் அனுமதிப்பவரையும் குற்றவாளி ஆக்குகிறது. வேலைக்காரரைச் சாலையில் இருக்கும்போதே அழைத்துக் கணக்குக் கேட்கும் முதலாளிகளை உத்தேசித்த ஏற்பாடு அது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவும், 184ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கு அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையையே விதிக்கிறது. அந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் தினந்தோறும் நடக்கும் இந்தச் சம்பாஷணையைக் கேளுங்கள்:

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன் சார், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடவா?"

"பரவாயில்லை தம்பி, ஒரே ஒரு நிமிஷம்தான். அந்த ஃபைல் விஷயம் என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

போலீஸ்காரர் தம்பியின் கையைப் பிடிப்பார். சாருடைய கை, விசிறிக்கடியில், மேஜைமேல், காப்பித் தம்ளரோடு நிம்மதியாக இருக்கிறது. அதைப் படம் எடுக்கும் கேமராவை எந்த மாநிலமும் இதுவரை வாங்கவில்லை.